காலையில் மட்டும் மக்கர் செய்யும் பெட்ரோல் கார்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. அல்லது இன்ஜின் பிடித்ததும் வண்டி முழுக்கக் குலுங்குகிறது. ஒரு நிமிடம் ஓடிவிட்டால் எதுவுமே நடக்காதது போல் ஓடுகிறது. ஷெட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இன்ஜின் சூடாகிவிடும். மெக்கானிக் இரண்டு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு, "நல்லாத்தானே சார் இருக்கு" என்பார். எதற்கும் இருக்கட்டும் என்று பிளக் மாறும், ஃபில்டர் மாறும், சில சமயம் பேட்டரியும் மாறும். கோளாறு மட்டும் அப்படியே இருக்கும்.

இதற்கு எல்லாரும் சொல்லும் காரணம் குளிர். ஊட்டியில், கொடைக்கானலில் ஜனவரி விடியற்காலை என்றால் அது சரி. சென்னையிலும் மதுரையிலும் விடியற்காலை 22 டிகிரி, 25 டிகிரி என்பது பெட்ரோல் இன்ஜினுக்குக் குளிரே இல்லை. நம் ஊர் வண்டிகளின் காலைக் கோளாறு பெரும்பாலும் எட்டு, பத்து மணி நேரம் அசையாமல் நின்றதால் வருவது. அந்த நேரத்தில் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பெட்ரோல் பைப்பில் இருந்த அழுத்தம் போய்விடுகிறது, தேய்ந்த சீல் வழியாக ஆயில் சொட்டுகிறது, எலி பானெட்டுக்குள் ஏறிவிட்டுப் போகிறது.

அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒன்றைக் கவனியுங்கள். அலுவலக வாசலில் மத்தியான வெயிலில் ஆறேழு மணி நேரம் நின்ற பிறகும் இதே கோளாறு வருகிறதா? வந்தால் குளிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நின்றதுதான் காரணம். வெயிலில் நின்றால் வராமல் விடியற்காலையில் மட்டும் வந்தால் ஈரம், டெம்பரேச்சர் சென்சார் போன்றவற்றின் மீது சந்தேகம் போக வேண்டும். காசு செலவில்லாத இந்த ஒரு சோதனையிலேயே சந்தேகப்பட்டியல் பாதியாகிவிடும்.

கீழே சொல்வதெல்லாம் இன்ஜெக்‌ஷன் வைத்த பெட்ரோல் கார்களுக்கு. டீசலுக்கும் கேஸுக்கும் பின்னால் கொஞ்சம் சொல்கிறேன்.

செல்ஃபே மெதுவாகச் சுற்றுகிறது

இதில் பெரும்பாலும் இன்ஜினுக்குப் பங்கில்லை; முதலில் கரண்ட் பக்கம்தான் பார்க்க வேண்டும். முதலில் சத்தத்தைக் கேளுங்கள். "டக் டக் டக் டக்" என்று வேகமாகத் தட்டி, டாஷ்போர்டு லைட்டும் மங்கினால் பேட்டரியில் சார்ஜ் இல்லை, அல்லது டெர்மினல் சரியாகப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு "டக்", லைட் மங்கவே இல்லை என்றால் செல்ஃப் மோட்டாரிலோ அதற்குக் கரண்ட் விடும் ஸ்விட்சான சோலினாய்டிலோ கோளாறு. சுற்றுகிறது, ஆனால் முனகிக்கொண்டு சுற்றுகிறது என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் மூன்றையும் அந்த வரிசையிலேயே பாருங்கள்.

எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். முந்தைய நாள் இரவே பானெட் லாக்கை எடுத்து வைத்துவிட்டு, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் காலியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளலாம். அடுத்தது முக்கியமானது: வீட்டில் ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு மீட்டரைப் பாருங்கள். செல்ஃப் சுற்றும்போது 10 வோல்ட்டுக்கு அருகில் நின்றால் பரவாயில்லை. 9.6-க்குக் கீழே விழுந்தால், முந்தைய எண் 12.6 ஆக இருந்தாலும் அந்தப் பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது. சும்மா நிற்கும்போது நல்ல வோல்ட் காட்டி, சுமை விழுந்ததும் படுத்துவிடும் பேட்டரிகள் நிறைய உண்டு. கடைசியாக, இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. புதுப் பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் இறங்கிவிடும்.

நம் வெயிலில் பேட்டரி மூன்று, நான்கு வருடம் தாங்கினால் நல்லது. அதன் ஆயுளைக் குறைப்பது வெயில்காலம். அது வெளியே தெரிவதோ மார்கழியில்.

பேட்டரி நன்றாக இருக்கிறது, செல்ஃப் மட்டும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால் டெர்மினலைப் பாருங்கள். வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ பொடி பூத்திருந்தால் அங்கே கரண்ட் நஷ்டமாகிறது. நெகட்டிவ்வை முதலில் கழற்றுங்கள், பிறகு பாசிட்டிவ். வெந்நீரில் சமையல் சோடா கரைத்து ஊற்றினால் பொடி நுரைத்துக்கொண்டு கரையும். துடைத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பாசிட்டிவ்வை முதலில் மாட்டி நெகட்டிவ்வைக் கடைசியில் மாட்டுங்கள். இந்த வரிசைக்குக் காரணம் உண்டு: நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ்வைக் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரே ஷார்ட்தான்.

மினுமினுவென்று சுத்தமாகத் தெரியும் டெர்மினலும் ஏமாற்றும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் ஈயக் கம்பத்திலும், மறு முனையை அதன் மேல் மாட்டியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினால் அந்த இணைப்பிலேயே அரை வோல்ட் வீணாகிறது. இதே போல் பேட்டரி நெகட்டிவ்வுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையில் வைத்துப் பாருங்கள்; 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த் வயரில் கோளாறு. கடலோர ஊர் வண்டிகளில் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை உள்ளுக்குள்ளேயே அரித்துப்போவது சாதாரணம். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய இந்த வேலை, செல்ஃப் மோட்டாரைக் கழற்றி புஷ் மாற்றுவதில் போய் நிற்பது இந்தச் சோதனையை யாரும் செய்யாததால்தான்.

பேட்டரி நல்லது, டைனமோ நல்லது, ஆனாலும் தினமும் இறங்குகிறது என்றால் ராத்திரியில் எதுவோ கரண்டைக் குடிக்கிறது. நிறுத்திப் பூட்டிய வண்டி 50 மில்லி ஆம்பியருக்குள்தான் எடுக்க வேண்டும். வெளியே வாங்கி மாட்டிய ஆம்ப்ளிஃபயர், டேஷ் கேமரா, ஜிபிஎஸ் இவற்றில் ஒன்று அரை ஆம்பியர் எடுத்தால் பத்து மணி நேரத்தில் 5 ஆம்பியர் மணி போய்விடும். சின்னக் கார்களின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான். ஒரு ராத்திரி தாங்கும். சனி, ஞாயிறு சேர்ந்து நின்றால் திங்கட்கிழமை காலை மக்கர்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆயில். கம்பெனி 0டபிள்யூ-20 அல்லது 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் கேட்கும் இன்ஜினில், "பழைய வண்டிக்குக் கெட்டி ஆயில்தான் நல்லது" என்று 20டபிள்யூ-50 ஊற்றி அனுப்புகிறார்கள். செல்ஃபுக்கு அது கூடுதல் சுமை. மலை ஊர்களில் நன்றாகவே தெரியும்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்க நேரமாகிறது

காலைக் கோளாறுகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். செல்ஃப் சுறுசுறுப்பாகச் சுற்றுகிறது. ஐந்தாறு விநாடி கழித்து இன்ஜின் தயங்கித் தயங்கிப் பிடிக்கிறது. பிடித்ததும் ஒன்றிரண்டு விநாடி தடுமாறிவிட்டுச் சீராகிவிடுகிறது. அப்புறம் நாள் முழுக்கத் தொட்டவுடனே ஸ்டார்ட் ஆகிறது.

பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் பைப்பில் மூன்று, நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தேக்கி வைத்திருக்கும். வண்டியை நிறுத்திய பிறகும் அந்த அழுத்தம் இறங்காமல் இருக்க பம்ப்பில் ஒருவழி வால்வு இருக்கிறது. அது தேய்ந்தால் ராத்திரியில் பெட்ரோல் டேங்குக்கே திரும்பிவிடும். காலையில் பம்ப் முதலிலிருந்து அழுத்தம் ஏற்ற வேண்டும். அதற்குள் நீங்கள் செல்ஃப் அடிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள்.

சோதித்துப் பார்ப்பது எளிது. மியூசிக், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சாவியை 'ஆன்' வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் கிளட்சிலோ பிரேக்கிலோ கால் வைக்காமல் இரண்டு தடவை அழுத்தினால் அதே நிலை வரும். பின்சீட்டுக்குக் கீழிருந்து "ம்ம்ம்" என்று இரண்டு, மூன்று விநாடி பம்ப் சத்தம் கேட்டு நிற்கும். அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். இப்படி மூன்று தடவை செய்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டென்று பிடித்தால் குற்றவாளி கிடைத்துவிட்டது: அழுத்தம் இறங்குகிறது. சத்தமே வரவில்லை என்றால் பம்ப், அதன் ரிலே, ஃபியூஸ் பக்கம் போங்கள்.

அழுத்தம் இறங்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மேலே சொன்ன வால்வு வழியாக டேங்குக்கு. மற்றொன்று, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் சரியாக மூடாமல், அதன் வழியாக சிலிண்டருக்குள். இரண்டாவதில் பெட்ரோல் உள்ளே தேங்கி பிளக்கை நனைத்துவிடும். ஸ்டார்ட் ஆகும்போது பெட்ரோல் வாடை அடித்து, சைலன்சரில் கறுப்புப் புகை ஒரு வீச்சு வந்தால் சந்தேகம் அங்கேதான். இதற்குச் சாவியைத் திரும்பத் திரும்ப ஆன் செய்தால் இன்னும் பெட்ரோல் சேருமே தவிரக் குணமாகாது. அதற்குப் பதிலாக ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இப்படிச் செய்தால் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை மூடி வெறும் காற்றை அனுப்பும். தேங்கிய பெட்ரோல் வெளியேறி இன்ஜின் பிடிக்கும். அப்படிப் பிடித்தால், மறுநாள் காலை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாடையோடு வரும் பிளக் எந்த சிலிண்டருடையதோ, அதன் இன்ஜெக்டர்தான் கசிகிறது.

இன்ஜெக்டரை அல்ட்ராசோனிக் முறையில் சுத்தம் செய்து சோதித்துத் தரும் கடைகள் பெரிய ஊர்களில் உண்டு. பலசமயம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாவிட்டால் அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும். வால்வு கோளாறு என்றால் பம்ப் மோட்டாரையே மாற்ற வேண்டியிருக்கும், ஆனால் அவசரமில்லை. சாவியை இரண்டு தடவை ஆன் செய்துவிட்டு ஸ்டார்ட் செய்வதால் வண்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. பட்ஜெட் இடிக்கிறவர்கள் அப்படியே பல மாதம் ஓட்டலாம். கசியும் இன்ஜெக்டரை மட்டும் அப்படி விடக்கூடாது: பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிவிட்டு, கீழே ஆயில் தேங்கும் சம்ப்பில் கலக்கும். டிப் ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள்.

செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். அரை நிமிடம் ஆறவிட்டு அடுத்த முயற்சி. தெருவில் நான்கு பேரைக் கூப்பிட்டுத் தள்ளி ஸ்டார்ட் செய்வது பழைய கார்பரேட்டர் வண்டியோடு போகட்டும். இன்ஜெக்‌ஷன் வண்டியில் எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய், அங்கே எரிந்து அதைக் கெடுக்கும்.

பிடித்துவிடுகிறது, ஆனால் குலுங்குகிறது

மெக்கானிக் மொழியில் "மிஸ்ஸிங் அடிக்குது". ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. ஆர்பிஎம் முள் ஆடாமல் நிற்க, வண்டி மட்டும் அதிர்ந்தால் அது மிஸ்ஸிங் இல்லை. இன்ஜின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள். மூன்று சிலிண்டர் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: அந்த இன்ஜின்களில் ஐடிலிங்கில் கொஞ்சம் அதிர்வு பிறவியிலேயே உண்டு. புதிதாக வந்த அதிர்வைத்தான் துரத்த வேண்டும்.

செக் இன்ஜின் லைட் எரிகிறதா? இந்தியாவில் 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த கார்களில், கோளாறை வண்டியே குறித்து வைக்கும் ஓபிடி-2 முறை உண்டு. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ப்ளூடூத் அடாப்டரை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி, போனில் ஒரு ஆப் போட்டால் அந்தக் கோளாறின் குறியீட்டை, அதாவது 'கோடு' (code) எண்ணைப் படிக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங், பி0302 இரண்டாவது, இப்படி. பி0300 என்றால் ஒரு சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ்ஸிங். லைட் எரிவதோடு நில்லாமல் விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓட்டாதீர்கள். அங்கேயும் கெடப்போவது கேட்டலிடிக் கன்வர்ட்டர்தான், அதன் விலையோடு ஒப்பிட்டால் டோ வண்டிச் செலவு ஒன்றுமே இல்லை.

பி0302 வந்ததாக வைத்துக்கொள்வோம். பிளக்குக்கு ஸ்பார்க் கொடுக்கும் காயிலைப் புதிதாக வாங்க ஓடாதீர்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது, சாவியை எடுத்துவிட்டு, இரண்டாவது சிலிண்டரின் மேலிருக்கும் காயிலின் போல்ட்டைக் கழற்றுங்கள். கனெக்டரின் லாக்கை நகத்தால் அழுத்திக்கொண்டே இழுத்தால் வந்துவிடும். வயரைப் பிடித்து இழுக்க வேண்டாம். பல வருடச் சூட்டில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகியிருக்கும். காயிலை லேசாகத் திருகி மேலே எடுத்து, மூன்றாவதன் இடத்தில் போடுங்கள். மூன்றாவதை இரண்டாவதன் இடத்தில். பழைய கோடு எண்ணை அழித்துவிட்டு மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யுங்கள். இப்போது பி0303 வந்தால் காயில்தான் கெட்டது, அதை மாற்றுங்கள். பி0302-வே மறுபடி வந்தால் காயில் நல்லது. அடுத்து பிளக்கை இதே போல் இடம் மாற்றுங்கள். அதற்கும் கோடு நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அப்புறம் கம்ப்ரஷன். ஒரு நாளைக்கு ஒன்று என்று பொறுமையாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் இல்லாமல், ஒரே பெட்டியிலிருந்து பிளக் வயர் போகும் பழைய நான்கு சிலிண்டர் வண்டிகளில் பொதுவாக ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. ஜோடியாக மிஸ்ஸிங் வந்தால் காயிலைச் சந்தேகியுங்கள், தனியாக வந்தால் வயரையும் பிளக்கையும்.

பிளக்கைக் கழற்றியதும் தூக்கி எறியாதீர்கள். எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்ற வரிசையிலேயே ஒரு பழைய செய்தித்தாளில் வையுங்கள். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் எல்லாம் சரி. காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயில் பிசுக்கு இருந்தால் உள்ளே ஆயில் இறங்குகிறது. மற்றவை எல்லாம் பழுப்பாக இருக்க ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்திருந்தால் கூலண்ட் இறங்குகிறதோ என்று பார்க்க வேண்டும். இடைவெளி வண்டிக்கு வண்டி 0.8-லிருந்து 1.1 மில்லிமீட்டர் வரை இருக்கும். தேயத் தேய அது அகலமாகும், ஸ்பார்க் தாண்டக் கஷ்டப்படும். புதுப் பிளக்கைக் கையாலேயே முழுவதும் திருகி உட்கார வைத்த பிறகுதான் ஸ்பேனர் போட வேண்டும். எவ்வளவு இறுக்குவது என்பது பெரும்பாலும் டப்பாவிலேயே படமாக இருக்கும். இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் மரை போய்விட்டால் செலவு பெரிது.

மழைக்காலத்தில் மட்டும், அல்லது வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் காலையில் மட்டும் மிஸ்ஸிங் வருகிறதா? பிரஷர் பம்ப்பால் இன்ஜின் மேலேயே தண்ணீர் அடித்திருப்பார்கள். பிளக் குழிக்குள் தண்ணீர் தேங்கியிருக்கும். காயிலை எடுத்துப் பார்த்தால் ரப்பர் குழாயில் ஈரம் தெரியும். காற்றடித்து உலர்த்துங்கள். ரப்பரில் மயிரிழை விரிசலும், அதையொட்டி பென்சில் கோடு போல் கறுப்புத் தடமும் இருந்தால் ஸ்பார்க் அந்த வழியாக வெளியே ஓடுகிறது. ரப்பரை மாற்ற வேண்டும். சில காயில்களுக்கு ரப்பர் மட்டும் தனியாகவே கிடைக்கும். குழியில் தண்ணீருக்குப் பதில் ஆயில் நின்றால் டேப்பெட் கவர் கேஸ்கெட்டில் கோளாறு.

நேற்று ராத்திரி வரை நன்றாக ஓடிய வண்டி, இன்று காலை திடீரென்று குலுங்குகிறது, செக் லைட்டும் எரிகிறது என்றால் காயிலையும் பிளக்கையும் விட்டுவிட்டு டார்ச்சை எடுங்கள். எலி! இன்ஜின் மூடியின் மேல் புழுக்கை, ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கிழித்துப்போட்ட துணி, கடித்த ரப்பர் துணுக்கு, ஏதாவது ஒரு தடயம் இருக்கும். இன்ஜெக்டர் வயரும் ஆக்சிஜன் சென்சார் வயரும் மெல்லியவை, அதனால் முதலில் போவது அவைதான். அறுந்த வயரை முறுக்கி டேப் ஒட்டினால் அடுத்த மழையில் பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டால்தான் நிற்கும். புகையிலை கட்டித் தொங்கவிடுவது, நாப்தலின் உருண்டை போடுவது எல்லாம் வாடை இருக்கும்வரைதான். நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் குப்பைத்தொட்டியோ தெருநாய்க்கு வைத்த சோறோ இருந்தால் இடத்தை மாற்றுவது அதைவிடப் பலன் தரும்.

ஐடிலிங் ஏறி இறங்குகிறது, அல்லது கால் எடுத்தால் நின்றுவிடுகிறது

குளிர்ந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் 1,200-லிருந்து 1,500 வரை ஏறி, சில நிமிடங்களில் 700, 800-க்கு இறங்க வேண்டும். காலையில் அது ஏறவே இல்லை, நேரே 700-இல் வந்து தள்ளாடுகிறது என்றால் ஒரு நல்ல துப்பு கிடைத்துவிட்டது: இன்ஜின் குளிர்ந்திருப்பது கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை, அல்லது தெரிந்தும் காற்றைக் கூட்டிவிட முடியவில்லை.

முதலாவதற்குக் காரணம் கூலண்ட் டெம்பரேச்சர் சென்சார். இதைப் பிடிக்க அருமையான ஒரு வழி இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஆன் மட்டும் செய்து, அதே போன் ஆப்பில் கூலண்ட் வெப்பத்தையும் உள்ளே போகும் காற்றின் வெப்பத்தையும் பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 26 டிகிரி, கூலண்ட் 60 டிகிரி என்று காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருப்பதாக நினைத்துக் கம்ப்யூட்டர் குறைந்த பெட்ரோல் அனுப்புகிறது. மைனஸ் 40 என்று காட்டினால் வயர் எங்கோ அறுந்திருக்கிறது. விலை அதிகமில்லாத பொருள்தான், ஆனால் கோடு எதுவும் விழாமலே பொய் சொல்லக்கூடியது என்பதால் பலர் இதைச் சந்தேகிப்பதே இல்லை.

சூடானதும் இந்தக் கோளாறு மறைவது ஏன் என்று தோன்றலாம். சூடான பிறகு சைலன்சர் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் வேலைக்கு வந்து, பெட்ரோல் குறைந்தாலும் கூடினாலும் திருத்திவிடும். அது விழித்துக்கொள்ளும்வரை மற்ற சென்சார்கள் சொல்வதை நம்பித்தான் வண்டி ஓடியாக வேண்டும். வேக்யூம் லீக்கும் இதனால்தான் காலையில் மட்டும் தெரிகிறது. வெடித்த ரப்பர் ஹோஸ் வழியாகக் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். காலையில் தடுமாறும், பிறகு சமாளித்துவிடும். பானெட்டைத் திறந்தால் "உஸ்ஸ்" என்ற சத்தம் கேட்கலாம். கேட்காவிட்டால் ஹோஸ் முனைகளில் சோப்புத்தண்ணீரைக் கொஞ்சம் தெளித்துப் பாருங்கள். லீக் இருக்கும் இடத்தில் தண்ணீரை உள்ளே இழுக்கும், ஐடிலிங்கும் ஒரு கணம் மாறும். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு, அது சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். சூடான இன்ஜினில் வேண்டவே வேண்டாம்.

காற்றைக் கூட்டிவிட முடியாததற்குக் காரணம் பெரும்பாலும், உள்ளே போகும் காற்றைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் படிந்த கரி. ஏர் ஃபில்டர் ஹோஸைக் கழற்றினால் பித்தளை நிறத் தட்டின் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரியும். த்ராட்டில் கிளீனரைத் துணியில் அடித்துத் துடையுங்கள். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டில் என்றால் சாவி ஆனில் இருக்கும்போது தட்டை விரலால் தள்ளாதீர்கள். உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம். சுத்தம் செய்த உடனே ஐடிலிங் வழக்கத்தைவிட ஏறி நின்றால் பயப்பட வேண்டாம். கரியோடு ஓடிப் பழகிய கணக்கைக் கம்ப்யூட்டர் திருத்திக்கொள்ளக் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். சில வண்டிகளில் ஸ்கேனர் போட்டு மறுபடி கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும்.

புகையும் சத்தமும்

காலையில் சைலன்சரிலிருந்து நாலைந்து சொட்டுத் தண்ணீர், லேசான வெள்ளை ஆவி வந்தால் கவலை இல்லை. பெட்ரோல் எரிந்தால் தண்ணீர் வரத்தான் செய்யும். இன்ஜின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், லேசாக இனிப்பு வாடை அடித்து, கூலண்ட் டப்பாவில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாக ராத்திரியில் கூலண்ட் சிலிண்டருக்குள் கசிகிறது. காலையில் அந்த ஒரு சிலிண்டர் மட்டும் சில விநாடி மிஸ்ஸிங் அடித்துவிட்டுப் பிறகு ஓடும். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஓட்டிக்கொண்டிருந்தால் ஒரு நாள் ஹீட் ஆகி ஹெட் வளைந்துவிடும்; இந்தப் பட்டியலில் தள்ளிப்போடவே கூடாதது இதுதான்.

ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றுவிட்டால் வால்வு ஆயில் சீல். பல இன்ஜின்களில் ஹெட்டை இறக்காமலே மாற்றலாம், அதனால் முழு இன்ஜின் வேலைக்கு யாராவது எஸ்டிமேட் போட்டால் இன்னொருவரிடமும் கேளுங்கள். ஓடும்போதும் நீலப் புகை வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அது பெரிய வேலை. முதல் ஒன்றிரண்டு விநாடி மட்டும் "கரகர" என்ற சத்தம் வந்தால் நல்ல ஆயில் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். மலிவான ஃபில்டரில் ஆயிலைத் தேக்கி வைக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது. சத்தம் நீண்டால் டைமிங் செயினும் அதன் டென்ஷனரும்.

கேஸ், டீசல், எத்தனால்

சிஎன்ஜி வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகிப் பிறகுதான் கேஸுக்கு மாறும். பெட்ரோலே அடிக்காமல் மாதக்கணக்கில் கேஸில் ஓட்டினால் டேங்கில் இருக்கும் கொஞ்சப் பெட்ரோல் பழையதாகி, இன்ஜெக்டரில் பிசின் போல் படியும். காலையில்தான் அது தெரியும். அவ்வப்போது புதுப் பெட்ரோல் அடித்து, வாரத்தில் கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

டீசல் என்றால் சுருள் வடிவ மஞ்சள் லைட் அணையும்வரை பொறுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். வெள்ளைப் புகையோடு தடுமாறினால், சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் க்ளோ பிளக்கை மீட்டரில் பாருங்கள்: ஒன்றிரண்டு ஓம் காட்டினால் நல்லது, எல்லையில்லாமல் காட்டினால் எரிந்துவிட்டது. ஃபில்டர் பக்கத்தில் இருக்கும் கைப்பம்ப்பை இறுக்கமாகும்வரை அமுக்கிய பிறகு உடனே ஸ்டார்ட் ஆனால் டீசல் லைனில் காற்று ஏறுகிறது.

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்த பிறகு, காலைக் கோளாறு எல்லாவற்றுக்கும் அதையே காரணம் சொல்வது வழக்கமாகிவிட்டது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பம் கேட்கும் என்பது உண்மைதான். மலை ஊரில் விடியற்காலை ஸ்டார்ட்டிங்கில் அது கொஞ்சம் தெரியலாம். தினமும் ஓடும் சென்னை வண்டிக்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. மாதக்கணக்கில் நின்ற வண்டிதான் வேறு கதை: எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அதற்கு டேங்கை வடித்துப் புதுப் பெட்ரோல் ஊற்றுவதே வழி. பாட்டிலில் விற்கும் மருந்துகள் தண்ணீரை எங்கும் கொண்டுபோய்விடாது.

ஷெட்டுக்குப் போகும்போது

"காலையில் ஸ்டார்ட்டிங் டிரபிள்" என்று மட்டும் சொன்னால் போதாது. செல்ஃப் வேகமாகச் சுற்றுகிறதா, எத்தனை விநாடியில் பிடிக்கிறது, சாவியை இரண்டு தடவை ஆன் செய்தால் வித்தியாசம் உண்டா, புகை என்ன நிறம், மத்தியானமும் வருகிறதா, இந்த ஐந்தையும் சொல்லுங்கள். போனில் ஒரு காலை ஸ்டார்ட்டை, ஆர்பிஎம் முள்ளும் சத்தமும் பதிவாகும்படி வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட நல்லது, முந்தைய நாள் சாயங்காலமே வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு, "காலையில் நான் வருகிறவரை யாரும் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வருவது. சாவியைக் கையோடு கொண்டுவந்துவிடுங்கள். இல்லாவிட்டால் வேறு வண்டிக்கு வழிவிட, காலை ஏழு மணிக்கே ஷெட் பையன் அதை எடுத்து நகர்த்திவிடுவான்.